தகுதிகாண் காலம்

ஓட்டோவின் முதுகில்
ஆறு காலும் விரித்த கரப்பொத்தான்,
அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.
அதனால்தான் ஜெஸீமா ராத்தா
போனிலேயே சொல்லிவிட்டா:
வாகனத்தை அடுத்த குறுக்கு வீதியில விடுங்க,
ஞாயிறு மகளப் பார்க்க வாறாங்க,
எதிர்வீட்டுக்காரிக்கு வாய் நீளம்.

பதினாறு லீற்றர் தாங்கியைப்
புடைவைக்கடைப் பையொன்றில் நுழைத்துச்
சீர் கொண்டு போகிறவள் மாதிரி நடந்தேன்.
கிருபை அண்ணன் ஓட்டோவோடு நின்றுவிட்டார்.
வீட்டுக்காரர் கட்டாரில்,
உள்ளே பெண்கள் மட்டும்.
இதற்குத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள்.
விளம்பரத்தில்
'பெண்கள் விரும்பத்தக்கது' என்றிருந்ததை
நான் ஏதோ மரியாதை என்று நினைத்தேன்.

காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் நடுவே
ஓர் ஒழுங்கை.
முப்பத்தொரு வருசம் அதன் இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கத்துக் குசினிக்குள்
முதன்முதல் போன அன்றைக்குப் பார்த்தது
குளிர்ப்பெட்டியின் பின்புறம்.

மோட்டர்ச் சூட்டில் ஒண்டிக் கிடந்தது
ஒரு பெருங்குடும்பம்.
டோர்ச் வெளிச்சம் பட்டதும்
ஒரு கணம் யோசித்து
அதற்குப் பிறகுதான் ஓடியது.
ராத்தா முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு
'நாங்க துப்புரவான ஆக்கள் புள்ள' என்றா.
தெரியும் என்றேன்.
அன்று மட்டும் மூன்று வீட்டில் அப்படிச் சொன்னேன்,
மூன்று தடவையும் பொய்யில்லை.

இதற்கு முதல் கொலர் தைத்தேன்.
நாளொன்றுக்கு நானூற்றி எண்பது கொலர்,
ஒருவருடைய கழுத்தையும் கண்டதில்லை.

பயிற்சி இரண்டு நாள், கல்முனையில்,
மின்விசிறி சுற்றாத மாடி மண்டபம்.
கொழும்பிலிருந்து வந்தவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
இன்னொருவர் தமிழாக்கினார்.
கறையானுக்குக் கண் இல்லை, எழுதிக்கொண்டேன்.
போகிற வழிக்கெல்லாம்
மண்ணால் கூரை போட்டுக்கொண்டு போகும்,
வெயிலுக்கு அவ்வளவு பயம்.
சுவரோரம் அடிக்கொரு துளை,
துளைக்குள் மருந்து, மேலே வெள்ளைச் சீமெந்து.
கறையான் புற்றுக்குள்
பாம்பு குடியிருந்தால், என்று கேட்டேன்.
அதற்கு வேற கம்பனி, என்றார்
மொழிபெயர்க்க வந்தவர், தானாகவே.

கல்லடியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்
பல்லிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று
கையெழுத்து வாங்கினார்.
நல்ல சகுனம் மட்டும் சொல்லும் பல்லியாம்.
நான் அடித்த மூலையைத் தவிர
மற்ற எல்லா மூலையிலிருந்தும்
அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராத்தா வீட்டில் வேலை முடிய
மகள் வாசல்வரை வந்தாள்.
எத்தனை நாளைக்கு வராது?
மூன்று மாத உத்தரவாதம் என்றேன்.
உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினாள்:
'ஞாயிறு வாறவங்களுக்கும் அடிக்க ஏலுமா?'
பற்றுச்சீட்டின் இரண்டாம் பிரதியைக்
கேட்காதது மாதிரிக் கிழித்தேன்.
கோணலாய்க் கிழிந்தது.
யாருடைய அலுமாரிக்குப் பின்னால் எது
என்று கிருபை அண்ணன் கேட்பதில்லை,
நான் சொல்வதுமில்லை.

இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து
செருப்பைக் கழற்றச் சாய்ந்தபோது
கையில் தட்டுப்பட்டது,
வாசல் நிலையில் ஒரு மண் கோடு.
நேற்றும் அங்கேதான் இருந்திருக்கும்.
போன வருசமும்.
நகத்தால் சுரண்ட உள்ளே
வெள்ளையாய் எதுவோ நெளிந்தது.
தட்டிப் பார்த்தேன்,
காய்ந்த சுரைக்காயின் சத்தம்.

விலைப்பட்டியல் எனக்கு மனப்பாடம்.
அடிக்கணக்கில் பார்த்தால்
என் ஒரு மாதச் சம்பளம்,
கொஞ்சம் கூடவும் வரும்.
ஊழியருக்குப் பாதி விலை உண்டு,
தகுதிகாண் காலம் முடிந்தால்.
இன்று பதினோராம் நாள்.

நிலையின் காதோரம் சொன்னேன்: நில்.

பின்னால் மகன் ஓடிவந்தான்.
கதவை அடித்துச் சாத்தாதே என்றேன்.
ஏன் என்றான்.
இன்னும் எழுபத்தொன்பது நாள் கிடக்கு என்றேன்.